நாலு இரும்புக் கட்டியும் ஒரு தூக்குக்குண்டும்

மீன்பிடிப் படகு ஒன்றை வடிவமைத்துத் தர எவ்வளவு ஆகும் என்று நேவல் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் கேட்டால் ஒரு பட்டியல் வரும். உடல் வளைவு வரைபடம், பொது அமைப்பு வரைபடம், தகடு கனம், சட்ட இடைவெளி, எடை மதிப்பீடு, புரொப்பல்லர் தேர்வு, ஸ்டெபிலிட்டி புக்லெட் (எந்தச் சுமையில் படகு கவிழாமல் நிற்கும் என்ற கணக்குப் புத்தகம்) என்று போய்க் கடைசியில் 'சாய்வுச் சோதனை, ஒரு நாள்' என்று ஒரு வரி இருக்கும். பேரம் தொடங்கினால் முதலில் அடிபடுவது அந்த வரிதான். "படகு தண்ணியில நேராத்தானே நிக்குது, அதைச் சாய்ச்சு வேற பாக்கணுமா?"

கேள்வி நியாயமானது. ஆனால் படகு நேராக நிற்பதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நல்ல படகும் நேராக நிற்கும், முதல் பெரிய அலையில் கவிழப்போகும் படகும் நேராகத்தான் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால்தான் வெளியே வரும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பாகம் உருண்டை. எப்படித் தள்ளினாலும் தரை அதைத் தாங்கும் விசை அந்த உருண்டையின் மையம் வழியாகத்தான் போகும். பொம்மையின் எடை மையம் அந்த மையத்துக்குக் கீழே இருப்பதால் எழுந்து நிற்கிறது. தலையில் ஈயத்தை ஊற்றினால் படுத்துவிடும். கப்பலிலும் அதே கதைதான். தண்ணீர் தாங்கும் விசை, சின்னச் சாய்வுகளில், ஒரு குறிப்பிட்ட புள்ளி வழியாகவே மேலே போகிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரரான பியர் பூகே அந்தப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர் வைத்தார். எடை மையம் அதற்குக் கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஜி.எம். ஏராவிலிருந்து எடை மையம் வரையுள்ள உயரம் கே.ஜி.; கிலோவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது மீட்டரில் வரும். ஏராவிலிருந்து மெட்டாசென்டர் வரை கே.எம். (மரப்படகு கட்டுபவர்கள் அடிமரத்தை ஏரா என்பார்கள். இரும்புப் படகுக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.)

இதில் கே.எம். உடலின் வடிவத்தைப் பொறுத்தது. வரைபடம் சரியாக இருந்து, படகு கட்டும் யார்டு அதன்படியே கட்டியிருந்தால் கம்ப்யூட்டரே மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடும். கே.ஜி. அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான சாமான்களின் எடையும் உயரமும் சேர்ந்துதான் அது வருகிறது. தகடு ஆலையிலிருந்தே கொஞ்சம் கனமாக வரும். 6 மி.மீ. கிடைக்கவில்லை என்று 8 மி.மீ. போட்டிருப்பார்கள். வெல்டிங் உலோகம், பெயின்ட், மீன் அறைச் சுவரில் அடைத்த ஃபோம், அதன் மேல் பூசிய ஃபைபர் எல்லாம் சேரும். வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) மேல் யாரோ கடைசி நேரத்தில் ஒரு ஏணியும் கைப்பிடிக் கம்பியும் வைத்திருப்பார்கள். எடை மதிப்பீட்டில் வரும் கே.ஜி. எவ்வளவு அனுபவசாலி போட்டாலும் மதிப்பீடுதான். உண்மையான கே.ஜி. படகுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க இன்றுவரை சாய்வுச் சோதனை ஒன்றுதான் நம்பகமான வழி.

தத்துவம் ஒரு வரியில் முடிந்துவிடும். தெரிந்த எடையைத் தெரிந்த தூரம் குறுக்கே நகர்த்து. படகு எவ்வளவு சாய்கிறது என்று அள. எடையைத் தூரத்தால் பெருக்கி, படகின் மொத்த எடையாலும் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பாலும் வகுத்தால் ஜி.எம். கே.எம்.மில் அதைக் கழித்தால் கே.ஜி.

22 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலமுள்ள இரும்பு விசைப்படகு ஒன்றைக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரங்கால் தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கப் போகிற அளவுப் படகு. சோதனை நாளன்று அதன் எடை 120 டன், கே.எம். 3.71 மீட்டர்.

முதல் வேலை எடைகளைத் தேர்ந்தெடுப்பது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2008-ஆம் ஆண்டு ஸ்டெபிலிட்டி விதித்தொகுப்பு, உச்சச் சாய்வு 1 முதல் 4 டிகிரிக்குள் இருக்கச் சொல்கிறது. அதற்கும் கீழே போனால் அளவுப் பிழை கோணத்தையே விழுங்கிவிடும். மேலே போனால் மெட்டாசென்டர் நகர ஆரம்பித்துவிடும். 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் குறிவைத்தால் இந்தப் படகுக்குத் தலா 600 கிலோவில் நாலு இரும்புக் கட்டிகள் போதும். டெக்கில் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. நகரும் தூரம் 4.60 மீட்டர். ஒரு கட்டியை நகர்த்தினால் 0.600 பெருக்கல் 4.60, அதாவது 2.76 டன்-மீட்டர்.

கட்டிகளை எங்கே எடை போடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். லாரி எடைமேடை பக்கத்திலேயே இருக்கிறது என்று அங்கே கொண்டுபோவது வழக்கம். மேடை 20 கிலோ படியில் எண் காட்டினால் 600 கிலோவில் அந்த ஒரு படியே 3 சதவீதத்துக்கு மேல். ஆகவே கிரேன் கொக்கியில் மாட்டும் தராசில், அளவுச் சரிபார்ப்புச் சான்றிதழ் காலாவதி ஆகாத தராசில், படகைச் சோதிக்க வரும் சர்வேயர் முன்னால் ஒவ்வொன்றாக எடை போட்டு, எண்ணைக் கட்டியின் மேலேயே பெயின்டில் எழுத வேண்டும். மணல் மூட்டை வேண்டாம். ஓட்டை விழும், மழையில் நனையும். ஆட்களை எடையாக நிறுத்துவதும் வேண்டாம். டெக்கில் கட்டி உட்காரும் நாலு இடங்களையும் முதல் நாளே சாக்பீஸில் கோடு போட்டு, டேப் பிடித்து அளந்துவிட வேண்டும்.

அடுத்தது ஊசல். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டுதான், கயிறுக்குப் பதில் பியானோ கம்பி. மீன் அறை ஹேட்ச்சின் (டெக்கில் உள்ள திறப்பின்) மேல் குறுக்குக் கட்டையில் மாட்டி அறைக்குள் தொங்கவிட்டால் 3.10 மீட்டர் நீளம் கிடைக்கும். கம்பி ஆடிக்கொண்டே இராமல் சீக்கிரம் அடங்கக் குண்டு எண்ணெய்த் தொட்டிக்குள் முழுகி இருக்க வேண்டும். குண்டில் நாலு தகட்டுச் சிறகு பற்றவைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் அடங்கும். தொட்டிக்கு மேலே ஒரு மரச்சட்டத்தில் வெள்ளைப் பட்டை ஒட்டி, கம்பியின் இடத்தை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூர்மையான பென்சிலால் குறிப்பார்கள். பக்கத்துக்கு 15 சென்டிமீட்டராவது விலக வேண்டும் என்பது விதி. 3.10 மீட்டர் நீளத்துக்கும் நம் சாய்வுக்கும் 153 மி.மீ. வருகிறது, சரி. ஊசல் பொதுவாக மூன்று வேண்டும். சின்னப் படகில் இடமில்லாவிட்டால் ஒன்றுக்குப் பதில், வீடு கட்டும் இடத்தில் மட்டம் பார்க்க உதவும் தண்ணீர் டியூப் போன்ற கண்ணாடிக் குழாயைக் குறுக்கே கட்டலாம். எலக்ட்ரானிக் சாய்வுமானியும் வருகிறது. அது நல்ல கருவிதான், ஆனாலும் பக்கத்தில் ஒரு குண்டு தொங்கினால்தான் எனக்கு நம்பிக்கை. கம்பிக்கு பேட்டரி தீராது, அது தொட்டியில் உரசினால் கண்ணுக்கும் தெரியும்.

காலை நேரம் முக்கியம். கிழக்குக் கரையில் வெயில் ஏறியதும் கடற்காற்று தொடங்கிவிடும். வாடைக் காலத்தில் சில நாட்கள் முழுக்கவே வீணாகும். விடிந்ததும் முதல் வாசிப்பு, ஒன்பது மணிக்குள் கடைசி வாசிப்பு என்று திட்டமிடுவது நல்லது. கட்டுக்கயிறுகள் எல்லாம் தளர்ந்து தொங்க வேண்டும், ஏறும் பலகையைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும். சுவரோரம் தொங்கும் டயர்கள் படகை முட்டக் கூடாது. ஏராவுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு என்று ஈயக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும், வற்று நேரத்தில் சேறு தட்டினால் அன்றைய வேலை பாழ்.

பிறகு நீர்மட்ட வாசிப்பு. சின்ன வள்ளத்தில் சுற்றிவந்து அணியத்தில் (முன்பகுதி), நடுவில், அமரத்தில் (பின்பகுதி), இரு பக்கமும் எடுக்க வேண்டும். சின்ன அலை அடித்துக்கொண்டிருந்தால் கண்ணாடிக் குழாய் ஒன்றை உடலோடு நிறுத்திப் பிடித்தால் உள்ளே தண்ணீர் அடங்கி நிற்கும், அந்த மட்டத்தைப் படிக்கலாம். இந்தப் படகில் 1 சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் சுமார் 1.1 டன் பிழை. கூடவே தண்ணீரின் அடர்த்தியும். பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் 2017-ஆம் ஆண்டுத் திட்டத்தில் தமிழக மீனவர்களுக்கான சில படகுகள் கொச்சியில் கட்டப்பட்டன. கொச்சிக் காயலில் மழைக்காலத்தில் ஆற்றுநீர் மேலே மிதக்கும். கடல் நீர்தானே என்று 1.025 போட்டுவிட்டு, உண்மையில் 1.005 இருந்தால் 120 டன் படகில் 2.4 டன் காணாமல் போகிறது. மேலே ஒரு வாளி மொண்டு பார்ப்பது போதாது; மேலே, நடுவே, ஏரா ஆழத்தில் என்று மூன்று மாதிரி எடுத்து ஹைட்ரோமீட்டரில் பார்க்க வேண்டும்.

இப்போது நகர்த்தல். மொத்தம் எட்டு. கரையில் நிற்கும் ஹைட்ரா கிரேன் இடப்பக்கக் கட்டி ஒன்றைத் தூக்கி வலப்பக்கம் வைக்கிறது. கொக்கி கழற்றப்பட்டு, கட்டி ஏற்றிய ஆட்கள் நடுக்கோட்டில் தங்களுக்குக் குறித்த இடத்தில் நிற்க, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல ஒரு அமைதி. ஊசல் மெல்ல அலைந்து அடங்குகிறது: 76 மி.மீ. இரண்டாவது கட்டி: 153. ஒன்று திரும்பியதும் 77. இரண்டும் திரும்பியதும் 1. அடுத்து இடப்பக்கம் 77, 153, 76, கடைசியில் 0.

அந்த அமைதி சடங்குக்காக இல்லை. 70 கிலோ ஆள் ஒருவர் டெக்கில் 2 மீட்டர் நகர்ந்தால் ஊசலில் கிட்டத்தட்ட 4 மி.மீ. மாறும். டீ கொண்டுவருகிற பையன் வாசிப்பு நேரத்தில் ஏறினால் 5 சதவீதப் பிழையோடு ஏறுகிறான்.

ஒரு நகர்த்தலுக்குச் சராசரி 76.5 மி.மீ. அதை 3100-ஆல் வகுத்தால் டேன் மதிப்பு 0.0247. 2.76-ஐ 120-ஆலும் அதனாலும் வகுத்தால் ஜி.எம். 0.932 மீட்டர்.

கணக்கை முடிப்பதற்கு முன் ஒரு வரைகோட்டுத் தாளில் குறுக்குத் திருப்பு அளவையும் (நகர்த்திய எடை பெருக்கல் தூரம்) டேன் மதிப்பையும் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். எட்டும் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் நல்லது. இதை அங்கேயே, படகில் இருக்கும்போதே செய்ய வேண்டும், மறுநாள் அலுவலகத்தில் செய்து பயனில்லை. கோடு நேராகவே இருந்தும் தொடக்கப் புள்ளி வழியாகப் போகாவிட்டால், முதல் வாசிப்புக்குப் பின் காற்று ஒரு பக்கத்திலிருந்து நிலையாக வீச ஆரம்பித்திருக்கிறது. புள்ளிகள் மேலும் கீழும் சிதறினால் காற்று விட்டுவிட்டு அடிக்கிறது. ஒரு பக்கக் கடைசிப் புள்ளி மட்டும் வளைந்து குறைந்தால் அந்தப் பக்கம் கயிறு இறுகியிருக்கிறது, அல்லது அடி தரை தட்டியிருக்கிறது. வளைவு வேறு தினுசில் இருந்தால் எங்கோ ஒரு தொட்டியிலோ, எஞ்சினுக்கு அடியிலோ யாரும் சொல்லாத தண்ணீர் ஓடுகிறது.

தொட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாதி நிரம்பிய தொட்டியில் திரவம் தாழ்ந்த பக்கமே ஓடும், படகின் ஜி.எம்.மை அது தின்கிறது. எவ்வளவு தின்னும் என்பது திரவத்தின் அளவைவிடத் தொட்டியின் அகலத்தைப் பொறுத்தது, அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நம் படகில் 2 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலமுள்ள ஒரு டீசல் தொட்டி பாதியாக இருந்தால் ஜி.எம்.மில் அரை சென்டிமீட்டர் போகிறது, கவலையில்லை. அதே தொட்டி குறுக்குச் சுவர் இல்லாமல் 4.8 மீட்டர் அகலமாக இருந்தால்? அகலம் மூன்று மடங்கு, இழப்பு இருபத்தேழு மடங்கு: 13 சென்டிமீட்டர். நடுவே இரண்டு தகட்டுச் சுவர் வைக்கச் சொல்லி டிசைனர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார் என்பதற்கு விடை இதுதான்.

சோதனை நாளில் தொட்டிகள் ஒன்று காலியாக இருக்க வேண்டும், அல்லது காற்றுக் குழாயில் வழியும்வரை நிரம்பியிருக்க வேண்டும். 'நிரப்பியாச்சு' என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. படகு அமரப் பக்கம் தாழ்ந்து நின்றால் தொட்டியின் முன்மூலையில் காற்று மாட்டிக்கொள்ளும், குழாயில் வழிந்தாலும் உள்ளே மேற்பரப்பு ஆடும். காலி என்று சொன்ன தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது சர்வேயரின் வேலை. நல்ல சர்வேயர் சட்டை அழுக்காகித்தான் திரும்புவார்.

நம் கணக்கில் அந்தச் சின்னத் தொட்டி மட்டும் பாதி. அளந்த 0.932-இல் அதன் பாதிப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, ஆகவே 0.005 சேர்த்து 0.937. கே.ஜி. 3.71 கழித்தல் 0.937, அதாவது 2.773 மீட்டர். இதுவும் இன்னும் முடிவான எண் இல்லை. இது சோதனை நேரத்துப் படகின் கே.ஜி. வெறும் படகின் கே.ஜி. வேண்டுமானால் கட்டிகள் 2.4 டன் கழிய வேண்டும், ஆறு பேர் 0.45 டன், டீசல் 3 டன் கழிய வேண்டும். இன்னும் மாட்டாத உயிர்காப்பு மிதவை, கொடிமர விளக்குகள் என்று 0.3 டன், 5.8 மீட்டர் உயரத்தில், கூட வேண்டும். எல்லாம் போட்டுப் பார்த்தால் வெறும் படகு 114.45 டன், கே.ஜி. 2.80 மீட்டர். கழித்ததில் மேலே இருந்த கட்டிகளும் ஆட்களும் உண்டு என்றாலும், அடியில் இருந்த டீசலும் போனதால் எண் ஏறியிருக்கிறது.

மேற்பார்வை செய்கிறவர் மனதில் வைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று: இந்தச் சோதனையில் வரும் தப்புகள் பெரும்பாலும் படகைப் புகழும் பக்கமே சாயும்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். கயிறு இறுகினால் படகு குறைவாகச் சாயும், ஜி.எம். பெரிதாகத் தெரியும். அடி சேற்றில் உட்கார்ந்தாலும் அப்படியே. குண்டு தொட்டிச் சுவரில் உரசினால் விலகல் குறையும், மறுபடி ஜி.எம். பெரிது. கம்பியின் நீளத்தை வாசிப்புப் பட்டை வரை அளக்காமல் குண்டு வரை அளந்தால் கோணம் சின்னதாகும், ஜி.எம். பெரிது. ஓட்டை மூட்டையில் மணல் கொட்டிப்போயிருந்தால் பதிவேட்டில் உள்ள எடை அதிகம், உண்மை எடை குறைவு, மறுபடியும் ஜி.எம். பெரிது. எதிர்ப்பக்கம் சாயும் தப்புகளும் உண்டு. யாருக்கும் தெரியாமல் அடியில் தேங்கி ஓடும் பில்ஜ் தண்ணீர் படகை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். ஆனால் எண் மோசமாக வந்தால் எல்லோரும் காரணம் தேடி அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எண் நன்றாக வந்தால் யாரும் தேடுவதில்லை.

கழித்தல் கூட்டல் பட்டியலிலும் இதே சாய்வுதான். யார்டில் வேலை முடியும் தறுவாயில் படகில் கிடக்கும் உபரி சாமான் எங்கே இருக்கும்? மீன் அறை அடியில், எஞ்சின் அறைத் தகட்டுக்குக் கீழே: வெட்டுத் துண்டுகள், கேபிள் சுருள், துருப்பொடி கலந்த தண்ணீர். இன்னும் வராத சாமான் எங்கே போகும்? மேலே: ரேடார், மாஸ்ட், வலைச் சுருளி. கீழே இருப்பதைக் கழிக்க மறந்தாலும் மேலே வருவதைச் சேர்க்க மறந்தாலும் கே.ஜி. தாழ்வாக, அழகாக வரும். நம் படகில் மீன் அறை அடியில் 1.5 டன் இரும்புத் துண்டு கிடந்ததை யாரும் பார்க்கவில்லை, 5.5 மீட்டர் உயரத்தில் 0.8 டன் வரவிருப்பதையும் யாரும் சொல்லவில்லை என்றால், உண்மையான கே.ஜி. 2.80 இல்லை, 2.85-ஐ ஒட்டி. கால் அடி கூட வரவில்லையே என்று தோன்றும். ஆனால் வலை நனைந்து, ஐஸ் கரைந்து, டீசல் தீர்ந்து திரும்பும்போது மிச்சமிருக்கும் ஜி.எம்.மில் 4, 5 சென்டிமீட்டர் பெரிய தொகை.

இதனால்தான் விதித்தொகுப்பு படகு முடிந்தவரை முழுமையான பிறகே சோதனை வைக்கச் சொல்கிறது. இன்னும் ஏறாத சாமான் வெறும் எடையில் 2 சதவீதத்துக்குள், கழிக்க வேண்டிய உபரி 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சின்னக் கப்பல்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. டெலிவரி தேதி நெருங்கி, வெள்ளோட்டத்துக்கு நாளும் குறித்துவிட்ட பிறகு, பாதி முடிந்த படகைச் சாய்த்துவிட்டு மிச்சத்தைக் காகிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யார்டு கேட்கும். அந்த இடத்தில் முடியாது என்று சொல்லத்தான் வடிவமைப்பு அலுவலகத்துக்குச் சம்பளம்.

சோதனையில் வந்த இரண்டு எண்களை, எடையையும் கே.ஜி.யையும், வைத்துத்தான் ஸ்டெபிலிட்டி புக்லெட் முழுவதும் ஓடுகிறது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் நிலை, மீன்பிடி இடத்தில் இருக்கும் நிலை, முழுப் பிடியோடு திரும்பும் நிலை, ஐந்தில் ஒரு பங்குப் பிடியும் பத்து சதவீத டீசலுமாகத் திரும்பும் நிலை எல்லாமே அதன் மேல் எடை ஏற்றிப் போடும் கணக்குகள். ஒவ்வொரு நிலையிலும் திருப்புக் கை (சாய்ந்த படகைத் தண்ணீர் தாங்கும் விசைக்கும் அதன் எடைக்கும் இடையே உள்ள குறுக்குத் தூரம்) எப்படி மாறுகிறது என்று வளைகோடு வரைந்து விதிகளோடு ஒப்பிடுவார்கள். 30 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட சாய்வில் திருப்புக் கை 0.20 மீட்டராவது இருக்க வேண்டும். வளைகோட்டின் அடிப் பரப்பு 30 டிகிரி வரை 0.055, 40 டிகிரி வரை 0.09, இரண்டுக்கும் இடையே 0.03 மீட்டர்-ரேடியன். சரக்குக் கப்பலுக்குக் குறைந்தபட்ச ஜி.எம். 0.15 மீட்டர், ஒற்றை டெக் மீன்பிடிப் படகுக்கு 0.35 மீட்டர். மீன்பிடிப் படகுக்கு ஏன் கூடுதல் என்றால், அது கடலின் நடுவே, ஹேட்ச் திறந்திருக்க, எடை ஏற்றும் கப்பல். மீன் நிறைந்த 1 டன் வலைப்பையை டெரிக்கில் (தூக்குக் கம்பத்தில்) தூக்கியதும் அந்த எடை பை இருக்கும் உயரத்தில் இல்லை, 7 மீட்டர் உயரத்துக் கப்பியிலேயே இருப்பதாகத்தான் கணக்கு. பை டெக்கை விட்டு ஒரு விரற்கடை எழுந்தாலும் போதும்.

புக்லெட் ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. படகு கட்டிய ஐந்தாம் வருஷம் வீல்ஹவுஸ் மேல் ஒரு கூரை, வலை போட ஒரு மேடை, அமரத்தில் புதுச் சமையல் அறை, டெக்கில் கூடுதல் ஐஸ் பெட்டி. எல்லாம் மேலேதான் ஏறும், கீழே இறங்குவது எதுவும் இல்லை. பயணிகள் கப்பல்களுக்கு ஐந்து வருஷத்துக்குள் ஒருமுறை வெறும் எடையைச் சரிபார்க்க வேண்டும். எடை 2 சதவீதத்துக்கு மேலோ, எடை மையம் நீளவாக்கில் கப்பல் நீளத்தின் 1 சதவீதத்துக்கு மேலோ மாறியிருந்தால் மறுபடி சாய்வுச் சோதனை.

தென்கொரியாவின் செவோல் இதற்கு மறக்க முடியாத உதாரணம். 1994-இல் ஜப்பானில் கட்டப்பட்ட கப்பல். கொரிய நிறுவனம் வாங்கிய பிறகு மேல் தளங்களில் பயணிகள் அறைகள் கூட்டப்பட்டன. எடை மையம் ஏறியது. ஏறியதை ஈடுகட்ட, வகுப்புச் சங்கம் (கப்பல்களைச் சோதித்துத் தகுதிச் சான்று தரும் அமைப்பு) சரக்கு வரம்பை 987 டன்னாகக் குறைத்து, அடியில் 1,703 டன் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. 2014 ஏப்ரல் 16 அன்று அந்தக் கப்பல் அனுமதித்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் சரக்கை ஏற்றிக்கொண்டு, அடித் தண்ணீரைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு போனது. ஒரு திருப்பத்தில் சாய்ந்தது, சரியாகக் கட்டாத சரக்கு தாழ்ந்த பக்கம் சரிந்தது, எழவே இல்லை. 304 பேர். தண்ணீரைக் குறைத்தால்தான் சரக்கு ஏற்றியும் சுமைக்கோடு தண்ணீருக்கு மேல் தெரியும், கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கப்பல் ஒழுங்காக மிதப்பது போலிருக்கும். கப்பல் எவ்வளவு ஆழமாக மிதக்கிறது என்பதை மட்டுமே சுமைக்கோடு காட்டும், கே.ஜி.யைக் காட்டாது.

படகுக்காரர் தானே செய்துகொள்ளக் கூடிய ஒரு சோதனை உண்டு. சாய்வுச் சோதனைக்கு ஈடில்லை, ஆனால் செலவில்லாதது. படகு பக்கவாட்டில் ஆடி எழும் நேரம் ஜி.எம்.மோடு கட்டுப்பட்டது. ஜி.எம். அதிகமானால் வெடுக்கென்று எழும், குறைந்தால் சோம்பலாக எழும். நம் படகுக்கு 0.93 மீட்டர் ஜி.எம்.மில் ஒரு முழு ஆட்டம் 6 வினாடிக்குச் சற்றுக் குறைவு. மேலே எடை ஏறி ஜி.எம். 0.40-க்கு வந்தால் அது கிட்டத்தட்ட 9 வினாடி. இதில் ஒரு வேடிக்கை: 9 வினாடிப் படகில் தூக்கம் நன்றாக வரும், வாந்தி வராது. "மேல ரூம் கட்டினதுக்கு அப்புறம் படகு நல்லா சொகுசா ஆடுது" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் அந்தப் படகில் ஏறுவதற்கு முன் யோசியுங்கள்.

செய்முறை இதுதான். காற்றில்லாத காலையில், துறைமுகத்துக்குள், பக்கத்துப் படகுகளை விட்டுத் தள்ளி, கயிறுகளைத் தளர்த்தி நிறுத்துங்கள். தொட்டிகளில் எவ்வளவு இருக்கிறது, ஐஸ் எத்தனை பார், வலை எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறேழு பேர் டெக்கில் சேர்ந்தாற்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து படகை ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நன்றாக ஆட ஆரம்பித்ததும் எல்லோரும் நடுக்கோட்டில் நின்றுவிட வேண்டும். வலக் கோடிக்குப் போய், இடக் கோடிக்குப் போய், மறுபடி வலக் கோடிக்கு வந்தால் ஒன்று. அப்படி ஐந்து எண்ணி மொத்த வினாடியை ஐந்தால் வகுங்கள். மூன்று தடவை செய்து மூன்றும் ஒத்துவந்தால் எழுதுங்கள், ஒத்துவராவிட்டால் எங்கோ கயிறு பிடிக்கிறது. சாய்வுச் சோதனை முடிந்த அன்றே, அதே நிலையில், இதையும் செய்து வைத்துக்கொள்வது உத்தமம். பிற்பாடு ஒப்பிட ஒரு எண் இருக்கும். வீல்ஹவுஸ் சுவரில் பெயின்டில் எழுதிவிடலாம்: தேதி, எத்தனை வினாடி, அன்று டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு.